தொப்பியைக் கழற்றிய சாட்சி

ஹியூபர்ட் டில்லி புனித ஆஸ்வின் பள்ளியில் ஒரு நாள்கூடப் படித்தவரல்ல. பள்ளி மதிலுக்கு எதிர்ச்சாரியில் சவப்பெட்டிக் கடை வைத்திருந்தார். ஊரில் யார் கண்ணை மூடினாலும் குளிப்பாட்டுவது, உடுத்துவது, பெட்டியில் கிடத்துவது, கறுப்பு வண்டியில் ஏற்றிக் கல்லறைத் தோட்டத்தில் மெதுவாக இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய அப்பாவுக்கும் இதே கடை, இதே பொறுப்பு. அப்படிப்பட்டவருக்கு, நானூறு வருஷப் பழமையுள்ள அந்தப் பள்ளியில், தலைமையாசிரியருக்கும் மேலான அதிகாரம் ஒன்று இருந்தது. அது வருஷத்தில் ஒரு மதியத்துக்கு மட்டும் செல்லும்.

நவம்பரில் ஆஸ்வின் திருநாளன்று பள்ளியின் இரண்டு பழைய விடுதிகளும், கிணற்று விடுதியும் கோபுர விடுதியும், அகழி ஆட்டம் ஆடும். மடாலயம் இருந்த காலத்து அகழி அது. தண்ணீர் எப்போதோ வற்றி, இப்போது சேறு மட்டும் மிச்சம். இரு கோடியிலும் சுவரில் ஓர் இரும்பு வளையம் தொங்கும். உப்பிப்போன பூசணிக்காய் மாதிரி ஒரு தோல் பந்தை எதிராளியின் வளையத்தில் கொண்டுபோய் முட்டிவிட்டால் வெற்றி. கேட்க எளிதாகத்தான் இருக்கும். விடுதிக்குப் பத்துப் பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடக்கும் குவியலில், பந்து எங்கே இருக்கிறது என்பது பந்தின்மேல் படுத்திருப்பவனுக்கே தெரியாது. கடைசியாக யாரோ வளையத்தைத் தொட்டது முதல் உலகப் போருக்கு முன்னால். தொட்டவன் போரிலிருந்து திரும்பவில்லை. அதற்குப் பிறகு வளையங்கள் துரு ஏறிச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது, சாட்சி உண்டு. ஒரு காலத்தில் இரு விடுதிகளும் ஒன்றையொன்று ஏமாற்றுக்காரர்கள் என்று தூற்றி, எந்த ஆசிரியரையும் நம்ப மறுத்தபோது, அன்றைய தலைமையாசிரியர் தெருவில் போய்க்கொண்டிருந்த மெழுகுவர்த்தி வியாபாரி ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, நீ பார்த்துச் சொல் என்று நிறுத்தினாராம். அன்றுமுதல் சாட்சி ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். அவர் கண்ணால் கண்டது மட்டுமே செல்லும். மற்ற யார் எதைக் கண்டாலும் கணக்கில் சேராது. சாட்சிக்கு ஆட்டம் புரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. உயரத் தொப்பி மட்டும் கட்டாயம்.

ஹியூபர்ட் அந்தப் பதவிக்கு வந்ததும் தொப்பியால்தான். முந்தைய சாட்சியான இரும்புக்கடைக்காரர் ஓர் அக்டோபரில் இறந்துபோனார். அடக்கம் செய்தவர் ஹியூபர்ட், தொழில் வழக்கப்படி உயரத் தொப்பியோடு. குழியருகில் நின்றிருந்த அப்போதைய தலைமையாசிரியர் சவப்பெட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஹியூபர்ட்டின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளியிலிருந்த உயரத் தொப்பியைப் பூச்சி அரித்துவிட்டிருந்தது. மண் தள்ளி முடிவதற்குள் விஷயம் பேசி முடிந்துவிட்டது.

அதிலிருந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஹியூபர்ட் அகழிக்கரையில் நின்றுவிட்டார். ஆட்டம் முடிந்ததும் தலைமையாசிரியர் எல்லோர் முன்னிலையிலும் மூன்று தடவை கேட்பார்: "சாட்சியே, கண்டது என்ன?" ஹியூபர்ட் மூன்று தடவையும், "சேற்றையே கண்டேன்" என்பார். கூட்டம் சிரிக்கும். உடனே எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். சாட்சிக்குக் கூலியாக ஒரு பெருவாத்து.

ஆனால் சாட்சிக்கு இன்னொரு வாக்கியமும் உண்டு. வளையம் தொடப்பட்டால் சொல்ல வேண்டியது: "வளையம் தொடக் கண்டேன்." உயிரோடிருக்கும் யாரும் அதைக் கேட்டதில்லை. ஒரு தடவையாவது அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது ஹியூபர்ட்டின் ஆசை. மனைவி மேவிஸைத் தவிர வேறு யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. திருநாளுக்கு முந்தின வாரம் கடையின் பின்கட்டில் நின்று பழகிப் பார்ப்பார். அங்கே அப்போது இருப்பவர்கள் குறுக்கே பேசும் நிலையில் இல்லாததால் அது வசதியாக இருந்தது. ஒரே ஒரு சிக்கல். முப்பது வருஷமாகத் துக்க வீடுகளில் பேசிப் பேசி அவர் குரல் தலையணைக்குள் பேசுவதுபோல் ஆகிவிட்டிருந்தது.

"கல்யாணத்தன்னிக்குச் சொன்ன உறுதிமொழியக்கூட நீ இவ்வளவு ஒழுங்கா மனப்பாடம் பண்ணல" என்றாள் மேவிஸ், கதவருகில் நின்று.

"அத ஒரு தடவதான சொல்ல வேண்டியிருந்துச்சு."

"இதையும் ஒரு தடவதான் சொல்லப் போற. அதுவும் சொல்லப் போறதில்ல."

எழுபதுகளின் கடைசியில் ஒரு திருநாள். பள்ளியில் பெண்பிள்ளைகளைச் சேர்த்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவர்களும் அகழியில் இறங்கலாமா என்ற வழக்கு மட்டும் தீராமல் கிடந்தது. விடுதியில் உறங்குவோர் யாவரும் ஆடலாம் என்றுதான் பழைய விதி சொன்னது. பெண்கள் உறங்குவதில்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாததால், அந்த வருஷம் கிணற்று விடுதி தன் பத்துப் பேரில் ஒருத்தியாக ரொவீனா ஸ்டாக்கை இறக்கியது. கடைசி வகுப்பில் படித்த பெண். அப்பாவுக்குப் பெரிய பன்றிப் பண்ணை. சேற்றில் நழுவி ஓடும் எதையும் பின்னங்காலைப் பிடித்து நிறுத்த அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

பள்ளியின் பழைய மாணவரும் நிர்வாகக் குழு உறுப்பினருமான கர்னல் பாஸ்கோவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் கோபுர விடுதிக்காரர். இளம்வயதில் இதே அகழியில் இரண்டு பற்களை இழந்தவர். இழந்த பற்களுக்கு இனி மரியாதை இல்லை என்பதுபோல் காலையிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் எப்போதும்போல் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் இருபது பேரும் ஒரே நிறமாகிவிட்டார்கள். கரையில் நின்ற பெற்றோர்கள் தங்கள் பிள்ளை எது என்று அடையாளம் தெரியாமல் பொதுவாகக் கைதட்டினார்கள். பாதி ஆட்டம் போனதும் வழக்கப்படி கூட்டத்தின் கவனம் அகழியைவிட்டு, இறைச்சி அடைத்த சாசேஜ் ரோல்களும் சூடான ஆப்பிள் மதுவும் அடுக்கியிருந்த மேசைப் பக்கம் நகர்ந்தது. ஹியூபர்ட் மட்டும் கண்ணை எடுக்கவில்லை. மற்றவர்களுக்கு இது திருநாள். அவருக்கு வேலை.

அப்போதுதான் மதிலுக்கு அப்பால், சாலையில், ஒரு சவ ஊர்தி வந்தது.

அது பக்கத்து ஊர் சவப்பெட்டிக் கடைக்காரர் கிரிம்ஷாவின் ஊர்தி. உள்ளே போனவர் தையற்காரர் பெர்சி வாட்லிங். ஹியூபர்ட்டின் கடைக்கு மூன்றாவது வீட்டில் குடியிருந்தவர். தினமும் காலையில் வணக்கம் சொன்னவர். அப்படிப்பட்டவர், டில்லியின் வண்டி ரொம்ப மெதுவாகப் போகிறது, எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை என்று சொல்லி, தன் அடக்கத்தைக் கிரிம்ஷாவுக்கு எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். ஹியூபர்ட்டுக்கு அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

சவ ஊர்தி கடக்கும்போது நின்று, தொப்பியைக் கழற்றி, தலை குனிவது அந்த ஊர் வழக்கம். ஹியூபர்ட் சாலைப் பக்கம் திரும்பினார். தொப்பி மார்புக்கு வந்தது. மற்றவர்களும் அவரைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்கள். சாதாரணமாக இது ஒரு மூச்சு விடும் நேரம். ஆனால் கிரிம்ஷாவின் வண்டியோட்டி வாயில் எதையோ மென்றுகொண்டிருந்ததை ஹியூபர்ட் பார்த்துவிட்டார். துக்கம் என்றால் என்ன என்பதை அந்த ஆளுக்குக் கொஞ்சம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. இன்னும் ஆழமாகக் குனிந்தார். கண்ணையும் மூடினார். வண்டி போய் மறைந்த பிறகும் நிமிரவில்லை. இதில் தனக்குத் தெரிந்ததை யாரும் தனக்குச் சொல்லித் தரமுடியாது என்பதுபோல் நின்றார். ஹியூபர்ட் நிமிராமல் மற்றவர்கள் நிமிர்வது மரியாதையில்லை. ஆகவே தலைமையாசிரியர், கர்னல், பெற்றோர்கள், சமையற்கட்டு ஆட்கள் எல்லோரும் தங்கள் காலணிகளைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள்.

அகழிக்குள் இருந்தவர்களுக்கு மதிலுக்கு அப்பால் நடப்பது தெரியாது. அவர்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த நிசப்தத்தில் 'டங்' என்று ஓர் ஓசை கேட்டது. கரையில் நின்றவர்கள் அதைத் தேவாலயத்தின் சாவு மணி என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தார்கள். சேற்றிலிருந்து பத்துப் பேர் கூச்சலிட்டபோதுதான் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ரொவீனா சுவரோரம் முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல் வளையம் ஆடிக்கொண்டிருந்தது. அவள் மேல் கோபுர விடுதியின் பாதிப்பேர் விழுந்து கிடந்தார்கள். பந்து வளையத்துக்கு நேர் கீழே சேற்றில் கிடந்தது.

தலைமையாசிரியர் டாக்டர் ஃபேன்ஷா நிதானமான மனிதர். எதையும் வழக்கப்படி செய்துவிட்டால் தப்பு வராது என்று நம்புகிறவர். ஆட்டத்தை நிறுத்தி, ஹியூபர்ட்டின் முன்னால் வந்து நின்றார்.

"சாட்சியே, கண்டது என்ன?"

"சேற்றையே கண்டேன்" என்றார் ஹியூபர்ட். கால் நூற்றாண்டுப் பழக்கம். வாய் தானாகவே சொல்லிவிட்டது.

கூட்டம் சிரித்துவிட்டு மேசைப் பக்கம் திரும்பியது. கர்னலின் முகம் காலையிலிருந்து முதல்முறையாகத் தெளிந்தது. கீழேயிருந்து ரொவீனா ஹியூபர்ட்டை நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் சேறு. கண் இரண்டும் மட்டும் தெரிந்தன.

"சாட்சியே, கண்டது என்ன?"

ஹியூபர்ட் சுவரில் தொங்கிய வளையத்தைப் பார்த்தார். அந்த இன்னொரு வாக்கியம் தொண்டையில் தயாராக இருந்தது. சொல்லிவிடலாம். ஓசை அவர் காதிலும்தான் விழுந்தது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்று தெரியும். சொன்னால் அவள் பெயர் நிற்கும், தன் ஆசையும் தீரும், கேள்வி கேட்கவும் ஆளில்லை. ஆனால் காண்பது ஒன்றுதான் அவர் வேலை. அதை அவர் செய்யவில்லை. சேற்றைக் கண்டேன் என்பதும் பொய். அவர் கண்டது தன் கண்ணிமையின் உட்புறத்தை மட்டும்தான்.

"என்னப்பா டில்லி, சேறுன்னு சொல்லிட்டு வா, ரோல் ஆறிப்போகுது" என்றார் கர்னல், தாழ்ந்த குரலில்.

"சாட்சியே, கண்டது என்ன?"

"கண்ணை மூடியிருந்தேன், சார்."

இதற்கு வழக்கத்தில் பதில் இல்லை. டாக்டர் ஃபேன்ஷா ஓர் அடி கிட்ட வந்தார்.

"ஊர்திக்காகத்தானே, மிஸ்டர் டில்லி? நாங்க எல்லாருமே குனிஞ்சிருந்தோம்."

"குனிஞ்சது ஊர்திக்கு, சார். ஆனா அது போனப்புறமும் குனிஞ்சே இருந்தேன். அது கிரிம்ஷாவோட ஆளுக்குத் தெரியட்டும்னு." இதைச் சொல்லும்போது ஹியூபர்ட்டின் காது இரண்டும் சிவந்துபோயின. கூட்டத்தில் பின்னால் நின்ற மேவிஸ் கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று பக்கத்தில் நின்றவர்களால் சொல்ல முடியவில்லை.

பிறகு பெரிய விவாதம். ஆட்டத்தை இந்த வருஷத்துக்கு விட்டுவிடலாம் என்றார் கர்னல். வளையம் அடித்ததை எல்லோரும் கேட்டோமே என்றது கிணற்று விடுதி. கேட்டது செல்லாது, அதுவும் சாவு மணி என்று நினைத்துக் கேட்டது எப்படிச் செல்லும் என்றது கோபுர விடுதி. கடைசியில் ஹியூபர்ட்தான், தலையணைக்குள்ளிருந்து பேசும் அந்தக் குரலில், தனக்குத் தோன்றியதைச் சொன்னார். சாட்சி பார்க்காதது நடக்காதது. நடக்காத இடத்திலிருந்து தொடரட்டும். பந்து கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும். டாக்டர் ஃபேன்ஷாவுக்கு இது வழக்கம் மாதிரியே ஒலித்ததால் ஒப்புக்கொண்டார்.

"மிஸ்டர் டில்லி" என்று கீழேயிருந்து ரொவீனா கூப்பிட்டாள். "இந்தத் தடவ கொஞ்சம் கிட்ட வந்து நில்லுங்க."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஹியூபர்ட் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார். தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு, முழங்கால் வலியோடு, கறுப்புக் கோட்டுடன் அகழிக்குள் இறங்கினார். வளையத்துக்கு ஒரு கை தூரத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். எந்தச் சாட்சியும் அதுவரை அகழியில் இறங்கியதில்லை. இறங்கக்கூடாது என்றும் யாரும் சொல்லி வைக்கவில்லை.

மேசையை விட்டு எல்லோரும் கரைக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். ரோல்கள் ஆறிப்போவதைப் பற்றிச் சமையற்கட்டு ஆட்களே கவலைப்படவில்லை, அவர்களும் வந்து நின்றிருந்தார்கள். கோபுர விடுதி பத்துப் பேரையும் வளையத்தின் முன்னால் சுவர் மாதிரி அடுக்கியது. கிணற்று விடுதி முட்டியது. குவியல் ஒருமுறை இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது, பிறகு மொத்தமாகச் சாட்சியின் மடியில் சரிந்தது. ஹியூபர்ட்டின் தொப்பி எங்கோ போனது. யாருடைய முழங்கையோ அவர் மூக்கில் பட்டது. கரையில் நின்றவர்களுக்குத் தெரிந்தது கால்கள் மட்டும்தான், யாருடைய கால் எது என்றும் தெரியவில்லை.

உள்ளே, அந்தக் கால்களுக்கு நடுவே, ஹியூபர்ட்டுக்கு வளையம் தெரிந்தது. அதற்குள் அதில் சேறு அப்பி அடைத்துப்போயிருந்தது. கண்ணில் சேறு வழிந்தது. எரிந்தது. அவர் இமைக்கவில்லை. யாருடைய வயிற்றுக்கு அடியிலிருந்தோ ஒரு கை பந்தோடு வந்தது. மெதுவாக, கதவிடுக்கில் கடிதம் நுழைகிற மாதிரி. பந்தின் தையல் வளையத்தின் இரும்பில் பட்டது. பட்டு, ஒட்டிக்கொண்டு நின்றது. சத்தமே இல்லை. அடுத்த நொடி மேலேயிருந்து இன்னும் மூன்று பேர் விழுந்தார்கள்.

குவியலைப் பிரித்தெடுத்து ஆட்களை வெளியே இழுத்தபோது எல்லோர் முகமும் தொங்கியிருந்தது. எதுவும் ஒலிக்கவில்லை. இருட்டிவிட்டது. போதும் என்றார்கள். ரொவீனா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொட்டோமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஹியூபர்ட்டைக் கரையேற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"சாட்சியே, கண்டது என்ன?"

ஹியூபர்ட் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, எதிரே நின்ற டாக்டர் ஃபேன்ஷாவுக்கே கேட்கவில்லை. கூட்டம் வழக்கமான சிரிப்பைச் சிரிக்கத் தொடங்கியது.

"சாட்சியே, கண்டது என்ன?"

இப்போது முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. முன்வரிசை சிரிப்பை நிறுத்திவிட்டது. பின்வரிசை, என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டது.

"துக்க வீடு இல்ல ஹியூபர்ட், கத்திச் சொல்லு" என்று பின்னாலிருந்து மேவிஸின் குரல் வந்தது.

"சாட்சியே, கண்டது என்ன?"

"வளையம் தொடக் கண்டேன்!"

அந்தக் குரல் அவருக்குள் இத்தனை வருஷம் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தேவாலயக் கூரையிலிருந்து காக்கைகள் கிளம்பின.

கர்னல் பாஸ்கோ முன்னால் வந்தார். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லையே என்று சொல்ல வாயைத் திறந்தார். கேட்டது செல்லாது என்று சற்று முன்னால் வாதாடியது தன் விடுதிதான் என்பது நினைவுக்கு வந்தது. சரி, இந்த ஆள் வேண்டுமென்றே சொல்கிறான் என்று சொல்லலாமா என்று யோசித்தார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதே ஆள், யாரும் கேட்காத உண்மையை ஊர் முன்னால் சொல்லித் தன் மானத்தையே வாங்கிக்கொண்டவன். அவனைப் போய் யார் பொய்யன் என்பார்கள்? கர்னல் திறந்த வாயை அப்படியே விட முடியாமல், "சபாஷ்" என்றார். அவர் வாழ்நாளில் கிணற்று விடுதிக்குச் சொன்ன ஒரே சபாஷ் அது.

அதற்கு அப்புறம் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கிணற்று விடுதி ரொவீனாவைத் தோளில் தூக்கப் பார்த்தது. சேற்றில் வழுக்கி இரண்டு தடவை கீழே போட்டுவிட்டது. அவள் தலைமையாசிரியரிடம் நேராக வந்து கேட்டாள்: "சார், ஜெயிச்சா என்ன கிடைக்கும்?"

டாக்டர் ஃபேன்ஷா வழக்கத்தில் தேடிப் பார்த்தார். "தெரியலயே, ஸ்டாக்" என்றார். "சாப்பிடப் போவோம்னு நினைக்கிறேன்."

போனார்கள். சாப்பாட்டுக்கூடத்தின் நாற்காலிகள் பழமையானவை என்பதால் ரொவீனாவையும் ஹியூபர்ட்டையும் அவற்றில் உட்கார விடவில்லை. கோடியிலிருந்த ஒரு பெஞ்சில் பழைய செய்தித்தாளை விரித்து இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு ரோலை எடுத்துக்கொண்டார்கள்.

"நிஜமாவே பாத்தீங்களா, மிஸ்டர் டில்லி?"

"பாத்தேன், மிஸ். தையல் வளையத்துல பட்டு ஒட்டிக்கிச்சு."

"அப்ப முதல் தடவ?"

"அத நான் பாக்கல, மிஸ். கேட்டேன்."

"அது இத விட நல்லா இருந்துச்சு. முழுசா எழும்பி அடிச்சேன்."

"அப்படித்தான் கேட்டுச்சு" என்றார் ஹியூபர்ட். முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது. தொழிலுக்காக வைத்துக்கொள்ளும் துக்கத்துக்கும் அதற்கும் இருந்த வித்தியாசத்தை எதிரே நின்றிருந்த மேவிஸ் மட்டுமே கவனித்தாள். அவள் குனிந்து, அவர் காதுக்குள்ளிருந்து ஒரு கட்டி சேற்றைத் தன் கைக்குட்டையால் எடுத்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னொரு ரோல் எடுத்துக் குடு ஹியூபர்ட்" என்றாள். "கடுகு விழுதும் தள்ளி வை. பாவம், ரெண்டு தடவ அடிக்க வெச்சிருக்கே."